குடித்துக்கொண்டே மிதிக்கும் பீர் பைக்: சாலையில் விடலாமா?

மாலதி:
ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை மகளைப் பின்னிருக்கையில் வைத்து சைக்கிளில் போனேன். முன்னால் ஒரு பீர் பைக்: நடுவில் மேசை, சுற்றி உட்கார்ந்தவர்கள் மிதிக்க, ஓட்டுநர் ஒருவர் திருப்புகிற வண்டி. நடந்து போகிற வேகம்தான். பத்துப் பன்னிரண்டு பேர் மிதிக்கிறார்கள், கையில் கிளாஸ், பாட்டு காதைப் பிளக்கிறது. பின்னால் டிராம் மணியடித்துக்கொண்டே நிற்கிறது. ஒருவர் கிளாஸைத் தவறவிட்டார், என் சக்கரத்துக்கு முன்னால் சில்லு சில்லாக உடைந்தது. மகள் பயந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இதற்குச் சட்டமே இல்லையா?

செந்தில்:
இருக்கிறது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் பீர் பைக் பற்றி எழுந்த வழக்கு மேல்முறையீடாகப் போய், 2012-இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் வரை வந்தது. பீர் பைக்கின் முக்கிய நோக்கம் பயணம் இல்லை, கொண்டாட்டம்; அதனால் பொதுச் சாலையில் ஓட்ட தனி அனுமதி வேண்டும் என்பதுதான் முடிவு. உங்கள் ஊர் மாநகராட்சியில் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நாள், நேரம், தெருப் பெயர் எழுதிக் கொடுங்கள்.

ராகவி:
நான் ஆம்ஸ்டர்டாமில் இருந்தவள். குறுகலான கால்வாய்த் தெருவில் ஒரு பீர் பைக் நின்றாலே எல்லாம் நின்றுவிடும். 2017 நவம்பர் 1 முதல் நகர மையத்தில் தடை. ஓட்டுநர் குடிக்காமல் இருந்தால் போதும் என்பார்கள். பிரேக் அவர் கையில், சரி. இறங்கித் தெருவில் தள்ளாடுகிறவரை யார் பிடிப்பது?

மாலதி:
நன்றி செந்தில். திங்கட்கிழமையே எழுதிக் கொடுக்கிறேன்.