குழுவா ஆய்வு செஞ்ச புவியியல் மாணவர்களே, உங்க அனுபவம் எப்படி?

இறுதியாண்டு ஆய்வு, ஆறு பேர் குழு. முன்னுரை ஒருத்தர், வரைபடம் ஒருத்தர், முடிவுரை ஒருத்தர்னு அத்தியாயம் அத்தியாயமா பிரிச்சிருக்கோம். செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க, இது சரிவருமா?

*

எங்க குழுவிலயும் அப்படித்தான் பிரிச்சாங்க. வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளரா வந்தவர் முன்னுரை எழுதினவரைப் பார்த்து, "கணக்கெடுப்புக்கு இந்தத் தெருக்களை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"னு கேட்டார். "அது அவங்க பகுதி சார்"னு பக்கத்துல இருந்தவரைக் கைகாட்டினார் நம்மாளு. அதுக்கப்புறம் வந்த கேள்வி எல்லாம் நம்மாளுக்கேதான்.

*

ஓடையில நீரோட்ட வேகம் அளந்த ஒரு குழுவோட உதவியாளரா போயிருந்தேன். மிதவை முறைதான். கரையோரம் 10 மீட்டர் அளந்து ரெண்டு முனையிலயும் கயிறு கட்டி, ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு எத்தனை நொடியில கடக்குதுன்னு பார்க்கறது. (ஆரஞ்சு பெரும்பகுதி மூழ்கியே மிதக்கும், காத்து அதிகம் தள்ளாது. பளிச்சுனு கண்ணுக்கும் தெரியும்.) மேற்பரப்பு நீர், ஓடையோட சராசரியைவிட வேகமா ஓடும். அதனால தூரத்தை நொடியால வகுத்து வர்ற வேகத்தை 0.85 மாதிரி ஒரு எண்ணால பெருக்கிக்கணும்.

மூணு பேர் மேல்பகுதிக்கும் மூணு பேர் கீழ்ப்பகுதிக்கும் போனாங்க. கீழே போனவங்க பெருக்கினாங்க, மேலே போனவங்க பெருக்கலை. ரெண்டையும் ஒரே அட்டவணையில சேர்த்தா, கீழே போகப் போக வேகம் குறையுது! ஆறு கீழே போகப் போக எப்படி மாறும்னு சொல்ற பிராட்ஷா மாதிரிப்படி (Bradshaw model) சராசரி வேகம் கூடணும். மாதிரியே தப்புன்னு ரெண்டு பக்கம் விவாதம்கூட எழுதிட்டாங்க. களக்குறிப்பேட்டுல கணக்குப் போட்ட வேகத்தோட நொடிகளும் இருந்ததாலதான் விஷயம் பிடிபட்டுச்சு. நொடியை எழுதாம விட்டிருந்தா மறுபடி ஓடைக்குத்தான் போயிருக்கணும்.

பிரிக்கறதா இருந்தா வேலையை அப்புறம் பிரிங்க. முதல் நாள் எல்லாரும் ஒரே இடத்துல நின்னு ஒரே அளவை எடுத்துப் பாருங்க. முறையில எங்க வேறுபடறீங்கன்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

*

க்யூஜிஐஎஸ் (வரைபடம் போடற மென்பொருள்) தெரிஞ்ச ஒரே ஆளா இருந்து பாருங்க, அப்போ புரியும். ஒருத்தர் இடக்குறிப்பைப் பாகை-கலை-விகலையில (டிகிரி, நிமிடம், நொடி) அனுப்புவார், இன்னொருத்தர் தசமத்துல. மூணாவது ஆள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாத்திப் போடுவார். எங்க கடைக் கணக்கெடுப்புல காலியா விட்ட கட்டங்கள் பூஜ்யமாகி, பாதிக் கடைகள் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவுல போய் நின்னுச்சு. பூஜ்யப் பாகைக் கோடுகள் ரெண்டும் வெட்டிக்கிற இடம் அதுதான். களத்துக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரே படிவம் கொடுத்துடுங்க.

*

குழுன்னாலே தலைவலின்னு மட்டும் சொல்லாதீங்க. நகர வெப்பத் தீவு, அதாவது சுத்தியிருக்கற கிராமப்புறத்தைவிட நகரம் சூடா இருக்கறது, அதுதான் எங்க தலைப்பு. காத்து இல்லாத, மேகம் இல்லாத ராத்திரியிலதான் அது நல்லாத் தெரியும். எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல வெப்பநிலை எடுக்கணும். தனி ஆள் சுத்தி வர்றதுக்குள்ள ஊரே குளிர்ந்திடும், அந்தக் குறைவுக்குத் தனியாத் திருத்தம் போடணும். ஆளுக்கொரு இடத்துல நின்னதால எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஆள் நிறைய தேவைப்படற கேள்வியா எடுங்க, யாரும் சும்மா இருக்க முடியாது.

ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி வெப்பமானிகள் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அரை மணி நேரம் பாருங்க. ஒண்ணு அரை டிகிரி கூடக் காட்டினா, அதைக் குறிச்சு வெச்சுக் கழிச்சுக்கலாம்.

*

எல்லாருக்கும் நன்றி. ஆளுக்கொரு போன்ல ஜிபிஎஸ் எடுத்தா பரவாயில்லையா?

*

திறந்தவெளியில ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிக் காட்டும், உயரமான கட்டடங்களுக்கு நடுவுல இன்னும் மோசம். கடை எந்தத் தெருவுல இருக்குன்னு குறிக்க அது போதும். ஓடையோட அகலத்தை மட்டும் அதை நம்பி அளக்காதீங்க, அளவு நாடா எடுத்துட்டுப் போங்க.