ஆத்துக்குள்ள விழுந்த மடக்குக்கத்தி: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்க

கல்லடி:
சுவிசில இருக்கிற சித்தப்பா போனமுறை வரக்குள்ள தந்த, அலகுகளோட கத்தரிக்கோலும் மடங்கிற சிவப்புப் பிடிக் கத்தி. ஒரு நாள் இரவு, ஆறு கடலோட சேர்ற உப்புத்தண்ணி இடமான டச்பார் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டு இருக்கக்குள்ள, தங்கூசி வெட்டின கையோட நழுவி ஆத்துக்குள்ள போயிட்டு. முழங்கால் தண்ணிதான். ரோர்ச் அடிச்சுத் தேடி எடுத்து, சாரத்தில துடைச்சன். பளபள எண்டு இருந்தது. தூண்டில் பைக்குள்ள போட்டு மறந்துபோனன்.

ரெண்டு கிழமையால எடுத்துப் பார்த்தால் பெரிய அலகு பாதிதான் திறக்குது. கத்தரிக்கோல் அசையவே இல்லை. மூட்டுக்குள்ள இருந்து செம்மண் கரைசல் மாதிரிக் கறள் கசிஞ்சு நிக்குது. ஸ்ரெயின்லெஸ் எண்டால் கறளே பிடிக்காது எண்டு நம்பிக்கொண்டு திரிஞ்சவன் நான்.

பிறகு தேடி வாசிச்சதில விளங்கினது இதுதான். இரும்போட குறைஞ்சது 10.5 வீதம் குரோமியம் சேர்ந்தால், மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒக்சைட் தோல் படியும். கீறுப்பட்டாலும் காத்துப் பட்டதும் திரும்ப வளரும். ஆனா உப்பில இருக்கிற குளோரைட் அந்தத் தோலைத் துளைச்சிடும். மூட்டுக்குள்ள அடைபட்ட ஈரத்துக்குக் காத்தும் போகாது, தோல் வளர வழியும் இல்லை. அதனாலதான் வெளியில கண்ணாடி மாதிரி, உள்ளுக்க ஊசி குத்தின மாதிரிப் பள்ளம் பள்ளமா. அதோட, கூர் நிக்கிறதுக்கு அலகில கார்பன் கூட வேணும். அந்தக் கார்பன் குரோமியத்தில ஒரு பங்கைத் தன்னோட கட்டிப்போடும். அதால சாப்பாட்டுக் கரண்டி தாங்கிற உப்பைக் கத்தி தாங்காது.

ஒரு இரவு முழுக்க மண்ணெண்ணெயில ஊறப்போட்டன். காலையில வலுக்கட்டாயமா இழுக்காம, கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து மூடினன். மறுகா சுடுதண்ணியும் சவுக்காரமும், பழைய பல் பிரஷும். உள்ளுக்க கிடந்த மணலைப் பல்லுக்குத்தியால தோண்டி எடுத்தன். அலகு வந்துட்டு. கத்தரிக்கோல்ட வில் மட்டும் 'டிக்' எண்டு உடைஞ்சுபோச்சு.

வாழைச்சேனை:
தம்பி, கடலுக்கு மடக்குக்கத்தி கொண்டுபோறதே பிழை. எங்கட வள்ளத்தில மூட்டில்லாத கத்தி, பிளாஸ்டிக் பிடி, இடுப்பில கயிறு. மடக்குறது எல்லாம் கரைக்கு வந்து மாம்பழம் வெட்டத்தான்.

ஆரையம்பதி:
கழுவினது எந்தத் தண்ணியில தம்பி? கிணத்துத் தண்ணியா, குழாய்த் தண்ணியா?

கல்லடி:
கிணத்துத் தண்ணிதான் அக்கா.

ஆரையம்பதி:
அதைத்தான் யோசிச்சன். கடற்கரைப் பக்கக் கிணறு பாதி சவர்த்தண்ணி. சுனாமிக்குப் பிறகு கன காலம் எங்கட கிணத்துத் தண்ணியை வாயில வைக்கேலாம இருந்தது. அதில கழுவினால் ஒரு உப்பைக் கழுவி இன்னொரு உப்பைப் பூசுற கதைதான். குழாயில வாறது உன்னிச்சைக் குளத்துத் தண்ணி, அதில கழுவுங்க. இல்லாட்டி மழைத்தண்ணி பிடிச்சு வைங்க.

இன்னொண்டு, தேங்காய் எண்ணெய் போடாதீங்க. நான் தையல்காரி, பேனைக்கத்தி எப்பவும் மெசின் லாச்சிக்குள்ள கிடக்கும். தேங்காய் எண்ணெய் நல்லது எண்டு அம்மா விட, அது நாள்பட்டுப் பிசின் மாதிரி இறுகிட்டு. நூல் தூசியும் ஒட்டி, நகம் உடைஞ்சாலும் திறக்காது. தையல் மெசின் எண்ணெய்தான் சரி. மூட்டுக்கு ஒரு சொட்டு, அதுக்கு மேல வேண்டாம். ஆனா அதே கத்தியால பழம் வெட்டுறவங்க அலகைத் துடைச்சுப்போட்டு வெட்டுங்க.

அக்கரைப்பற்று:
நம்மட கத்தி ஆத்தையும் காணல்ல, கடலையும் காணல்ல. வட்டையில உரப்பை வாய் வெட்டுறதுக்கு மட்டும் வாப்பா வெச்சிருந்த கத்தி. பெரும்போகத்தில பொட்டாஷ் உரம் எறிஞ்ச நாள் வெட்டிப்போட்டு, அப்படியே மடக்கிச் சேட்டுப் பையில போட்டுட்டார். மூணு நாளையில அலகெல்லாம் புள்ளி புள்ளியாக் கறள். தண்ணியே படாம எப்படிப் பிடிச்சது எண்டு வாப்பாக்கு ஒரே யோசனை. எங்கட விவசாயப் போதனாசிரியர் சொல்லித்தான் தெரிஞ்சது: பொட்டாஷ் எண்டு எறியிறது பொட்டாசியம் குளோரைட். கறியுப்புக்குச் சொந்தக்காரன்! பனியில, வேர்வையில கசிஞ்சு ஒட்டிக்கொள்ளும். இப்ப உரம் எறிஞ்ச நாளெல்லாம் வாய்க்கால் தண்ணியில ஒருக்கா அலசாம வாப்பா வரம்பை விட்டு ஏறமாட்டார்.

களுவாஞ்சிகுடி:
பிரான்சில இருந்து மச்சான் கொண்டுவந்தது மரப்பிடி, கார்பன் அலகு. மழையில நனைஞ்சால் மரம் ஊதி அலகை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளும். பிடியின்ட பின்பக்கத்தை மேசையில தட்டினால் அலகு நுனி கொஞ்சம் வெளியில வரும், பிறகு இழுக்கலாம். வெயிலில காயவைக்காதீங்க, மரம் வெடிக்கும். நிழலில, அலகைத் திறந்தபடி வைச்சால் போதும். மாங்காய் வெட்டி வெட்டி அலகு இப்ப கறுத்து நீலம் பாய்ஞ்சு கிடக்கு. சிலர் அதையும் கறள் எண்டு தேய்ச்சு எடுக்கினம். விட்டுவிடுங்க. கறுப்பு ஓரளவுக்குக் காவல், சிவப்புத்தான் தின்னும். சிவப்பு வந்தால் அப்பச்சோடாவைக் குழைச்சுத் தேய்ச்சால் மேலோட்டமானது போகும்.

பொத்துவில்:
அறுகம்பேயில நீர்ச்சறுக்கு வாற வெள்ளைக்காரன் ஒருத்தன் மஞ்சள் பிடிக் கத்தி வெச்சிருந்தான். ஸ்பைடர்கோ கம்பனிட சோல்ட் வரிசை. எச் 1 எண்ட உருக்காம். கார்பனை நல்லாக் குறைச்சு நைதரசன் சேர்த்தது. சீசன் முழுக்கக் கடலுக்குள்ள இறங்கினான், நான் பார்க்கக் கழுவினதேயில்லை. ஒரு பொட்டுக் கறள் இல்லை. ஆனா கூர் கெதியா மழுங்கும் எண்டு அவனே சொன்னான். விலையைக் கேட்டு நான் வாயை மூடிட்டன்.

வாழைச்சேனை:
அந்தக் காசுக்கு ரெண்டு வலை வாங்கலாம்.

களுவாஞ்சிகுடி:
டபிள்யூடி 40 ஸ்ப்ரே அடிச்சால் போதாதா எண்டு உட்பெட்டியில ஒருத்தர் கேட்டிருந்தார். அந்தப் பேரே 'தண்ணியை விலக்கிறதுக்கான 40ஆவது முயற்சி' எண்டதுதான், 1953இல செய்தது. ஈரத்தைத் துரத்த நல்லது, அதுக்குப் பிறகு எண்ணெய் விடோணும். உப்பைக் கழுவாம அடிச்சால் உப்பு அங்கயேதான் இருக்கும். லெதர் உறைக்குள்ள வைக்கிறவங்களும் கவனம், தோல் ஈரத்தைக் குடிச்சு வைச்சிருக்கும்.

கல்லடி:
எல்லாருக்கும் நன்றி. ஆரையம்பதி அக்கா சொன்ன மாதிரி குழாய்த் தண்ணியில திரும்பக் கழுவி, மின்விசிறிக்கு முன்னால எல்லா அலகையும் விரிச்சு வைச்சன், நண்டு காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற மாதிரி. மெசின் எண்ணெயும் விட்டாச்சு. அடியில நாலு பள்ளம் நிக்குது, அது போகாது. கத்தரிக்கோல் வில்லைத் தனியா வாங்கலாமாம், சுவிசில. சித்தப்பாட்டக் கேட்டால் காரணம் கேப்பார். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வாறன் எண்டு வேற சொல்லியிருக்கார்.