பெரியப்பா 80 (அவரைச் சேர்க்க வேண்டாம்)

கார்த்திக்: மண்டபத்தில் பேசிவிட்டேன். புரொஜெக்டர் தருகிறார்கள், வாடகை தனி. சதாபிஷேகம் முடிந்து இலை போடும் வரை இருபது நிமிடம்தான் கிடைக்கும். பெரியப்பாவுக்காக மெக்சிகோ குத்துச்சண்டை வீரர் சால்வடார் சாஞ்செஸின் சண்டை ஒன்றைப் போடுவதாகப் பேசினோம். சாஞ்செஸின் மிகச் சிறந்த சண்டை எது? இன்றே சொல்லுங்கள், வீடியோவை வெட்ட வேண்டும்.

முரளி அண்ணன்: கோமஸோடு ஆடியது. இதில் என்ன கேள்வி?

பாலு மாமா: 👍

கீதா அண்ணி: நல்ல நாளும் அதுவுமாகக் குத்துச்சண்டையா? மாமாவின் பழைய புகைப்படங்களைப் போடுங்களேன்.

முரளி அண்ணன்: புகைப்படத்தில் அப்பா எங்கே சிரிக்கிறார்?

சேகர் சித்தப்பா: நெல்சனோடு ஆடியது.

சேகர் சித்தப்பா: விவரமாக எழுதுகிறேன், பொறுங்கள்.

பாலு மாமா: மச்சான் எழுத ஆரம்பித்துவிட்டார். நான் குளித்துவிட்டு வருகிறேன்.

வசந்தி அத்தை: கீதா, பாயசம் பருப்பா, சேமியாவா? சமையல்காரர் கேட்கிறார்.

கீதா அண்ணி: பருப்பு என்றுதானே முடிவு செய்தோம், அத்தை?

வசந்தி அத்தை: யார் முடிவு செய்தது?

சேகர் சித்தப்பா: 1982 ஜூலை 21, நியூயார்க், மாடிசன் ஸ்கொயர் கார்டன். சாஞ்செஸ் உலகப் பட்டத்தைக் காக்க இறங்கிய ஒன்பதாவது சண்டை. எதிரே வரவேண்டியவர் கொலம்பியாவின் மாரியோ மிராண்டா. அவர் இல்லை என்றானதும் கடைசி நேரத்தில் கானாவிலிருந்து அசுமா நெல்சனைக் கூட்டி வந்தார்கள். 1978 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியவன்தான், ஆனால் தொழில்முறையில் 13 சண்டைதான் அனுபவம். சாஞ்செஸ் சுலபமாக முடித்துவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நெல்சனோ முதல் மணியிலிருந்தே முன்னால் வந்துகொண்டே இருந்தான். ஏழாவது சுற்றில் சாஞ்செஸின் இடது ஹுக் பட்டு விழுந்தான். எழுந்து மறுபடியும் முன்னால் வந்தான். இப்படி 14 சுற்று. பதினைந்தாவதில் மறுபடி விழுந்தான், அப்போதும் எழுந்தான். அதன் பிறகு சாஞ்செஸ் விடவில்லை. நடுவர் டோனி பெரஸ் இடையில் புகுந்து நிறுத்தினார். மற்றவர்களுக்குக் கை தூக்கவே தெம்பில்லாத நேரத்தில் இவன் குத்துகளை அடுக்குகிறான், முரளி. அதுதான் சாம்பியன். இன்றைய 12 சுற்று முறை என்றால் அந்த முடிவே கிடைத்திருக்காது, புள்ளி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முரளி அண்ணன்: நெல்சன் பிற்பாடு பெரிய ஆளாகிவிட்டார். அந்த மதிப்பைக் கொண்டுபோய் 1982-இல் வைக்கிறீர்கள், சித்தப்பா. அன்றைக்குப் பார்த்தால் ஒரு புதுப்பையனை முடிக்க சாஞ்செஸுக்குப் பதினைந்து சுற்று ஆனது, அவ்வளவுதான்.

முரளி அண்ணன்: கோமஸ் அப்படியா? 1981 ஆகஸ்ட் 21, சீசர்ஸ் பேலஸ். 33 சண்டை, ஒன்று சமன், மீதி 32-ம் நாக்-அவுட். நம் அப்பா கும்பிடுகிற மெக்சிகோ வீரர் கார்லோஸ் சாராத்தேயையே ஐந்து சுற்றில் சாய்த்த ஆள். மெக்சிகோ முழுக்க வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தது. முதல் சுற்றிலேயே கோமஸ் தரையில். அதன் பிறகு சாஞ்செஸின் கால்களை மட்டும் பாருங்கள். ஒரு அடி பின்னால் வைப்பான், கோமஸ் அந்த இடத்துக்குத் துரத்தி வருவான், வந்த முகத்துக்கு வலது கை தயாராக இருக்கும். துரத்துகிறவன்தான் அடி வாங்குகிறான். கன்ன எலும்பு முறிந்து கண் வீங்கி மூடிவிட்டது. எட்டாவதில் கயிற்றோரம் விழுந்து எழுந்தவனை நடுவர் பாடிலா அணைத்து நிறுத்திவிட்டார்.

கீதா அண்ணி: எலும்பு முறிவதை வேத கோஷம் முடிந்த கையோடு திரையில் காட்டப்போகிறீர்கள். நல்லது.

சேகர் சித்தப்பா: கோமஸ் 122 பவுண்டு எடைப் பிரிவிலிருந்து சாஞ்செஸின் 126-க்கு ஏறி வந்தவன் என்பதை வசதியாக விட்டுவிட்டாய்.

முரளி அண்ணன்: நான்கு பவுண்டு வித்தியாசத்துக்கு எட்டு சுற்று உதையா?

சேகர் சித்தப்பா: கோமஸ் எப்படி அடிப்பான் என்று ஊருக்கே தெரியும். இடது கையைப் பார்த்துத் தயாராகலாம். நெல்சனைப் பற்றிப் படித்துவைக்க என்ன இருந்தது? வளையத்துக்குள் நின்று அடி வாங்கிக்கொண்டேதான் கற்க வேண்டும். அதே நெல்சன் 1984 டிசம்பரில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்கே போய், உன் கோமஸின் சொந்த மண்ணில் வைத்து, அவனை 11-ஆவது சுற்றில் சாய்த்து இதே பட்டத்தை வாங்கினான். கணக்குப் போட்டுப் பார்.

முரளி அண்ணன்: அது தேய்ந்துபோன கோமஸ். தேய்த்தவனே சாஞ்செஸ்தான்.

பாலு மாமா: குளித்துவிட்டு வந்தேன். இன்னும் முடியவில்லையா? சேமியா போடச் சொல்லுங்கள். பருப்புப் பாயசம் எனக்கு ஆகாது.

கீதா அண்ணி: விழா உங்களுக்கு இல்லை, சித்தப்பா 😊

வசந்தி அத்தை: கீதா, பாலு உனக்குச் சித்தப்பா இல்லை, மாமா. பன்னிரண்டு வருடமாகியும் இந்த வீட்டு முறை வரவில்லையே.

கார்த்திக்: சண்டைக்கு வாருங்கள். அதாவது அந்தச் சண்டைக்கு.

முரளி அண்ணன்: சித்தப்பா நெல்சனைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட். பதினைந்தாவது சுற்றுக்கு மணி அடிக்கும், சாஞ்செஸ் எழுந்து வருவான், உடனே காதுகுத்து ஆரம்பித்துவிடும்.

கார்த்திக்: யாருடைய காதுகுத்து?

முரளி அண்ணன்: சித்தப்பாவையே கேள்.

பாலு மாமா: அதில் நான் நன்றாக விழுந்திருப்பேன். பச்சைச் சட்டை.

சேகர் சித்தப்பா: அந்தக் கேசட்டில் எந்த லேபிளும் ஒட்டியிருக்கவில்லை. அதைப் பற்றி அன்றே பேசி முடித்தாகிவிட்டது. கார்த்திக், பதினைந்தாவது சுற்றை மட்டும் போட்டாலே மூன்று நிமிடத்தில் வேலை முடியும். கோமஸ் சண்டை இடைவேளைகளை வெட்டினாலும் இருபது நிமிடத்துக்குள் அடங்காது.

கீதா அண்ணி: ஒரு சந்தேகம். இந்த நெல்சன் சண்டைக்குப் பிறகு அந்த சாஞ்செஸ் பையன் யாரோடு ஆடினான்?

முரளி அண்ணன்: ஆடவில்லை. 1982 ஆகஸ்ட் 12, மெக்சிகோவில் கார் விபத்து. வயது 23.

கீதா அண்ணி: அதாவது மூன்று வாரத்தில். ஆயுள் நீடிக்க வேண்டும் என்று ஹோமம் செய்துவிட்டு, அந்தப் பையனின் கடைசிச் சண்டையைப் போடப் போகிறீர்கள்.

வசந்தி அத்தை: கீதா சொல்வது சரி. இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சேகர் சித்தப்பா: அப்படிச் சகுனம் பார்த்தால் அவனுடைய எந்தச் சண்டையையும் போட முடியாதே. 46 சண்டையில் 44 வெற்றி. தோற்றது ஒரே ஒருமுறை, அதுவும் பட்டம் வாங்குவதற்கு முன்னால்.

பெரியம்மா: அவர் நேரில் பார்த்ததைப் போடுங்கள்.

முரளி அண்ணன்: அம்மா??

பெரியம்மா: ஹூஸ்டனில் பார்த்தாரே. வெள்ளைக்காரப் பையனோடு.

சேகர் சித்தப்பா: பாட் கௌடெல்! இங்கிலாந்துக்காரர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெண்கலம். ஆனால் அண்ணி, அது சாஞ்செஸின் சிறந்த நாள் அல்ல. கௌடெல் கையுறைகளை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு இடது கையால் குத்திக்குத்தித் தள்ளியே வைத்தார். கடைசிச் சுற்றில்தான் சாஞ்செஸ் அவரைக் கீழே தள்ள முடிந்தது. நடுவர்களே இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்தார்கள். அண்ணன் நேரில் பார்த்தாரா? என்னிடம் சொல்லவே இல்லையே! 1981 டிசம்பர் 12 அது.

வசந்தி அத்தை: என்ன தேதி?

சேகர் சித்தப்பா: டிசம்பர் 12. ஏன்?

பாலு மாமா: மச்சான், நிறுத்துங்கள்.

வசந்தி அத்தை: என் நிச்சயதார்த்தம் டிசம்பர் 10.

வசந்தி அத்தை: "கப்பல் நடுக்கடலில். வர இயலவில்லை. ஆசிகள்." தந்தி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அண்ணன் இல்லாமல் தட்டு மாற்றினோம். மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசினார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

பாலு மாமா: நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

வசந்தி அத்தை: உங்கள் அக்கா பேசினார்.

முரளி அண்ணன்: அத்தை, 10-ஆம் தேதி கப்பல் கடலிலேயே இருந்திருக்கலாம். 12-ஆம் தேதி துறைமுகத்துக்கு வந்திருக்கலாம்.

வசந்தி அத்தை: டிக்கெட் கடலில் விற்றார்களா?

பெரியம்மா: எனக்கும் அவர் ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும். சொல்ல வேண்டாம் என்றார்.

கீதா அண்ணி: அத்தை, போனை மாமா கையில் கொடுத்துவிடாதீர்கள்.

பெரியம்மா: தூங்குகிறார்.

கார்த்திக்: இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாமா? கோமஸ் முதல் சுற்றும் எட்டாவது சுற்றும். மீதி நேரத்தில் புகைப்படங்கள். நெல்சன் வேண்டாம்.

சேகர் சித்தப்பா: பதினைந்தாவது சுற்று மட்டும். அண்ணன் அதை முழுதாகப் பார்க்க வேண்டும்.

முரளி அண்ணன்: ஆக, காதுகுத்துக்குப் பரிகாரம்.

வசந்தி அத்தை: ஹூஸ்டனையும் போடுங்கள். போடும்போது அண்ணன் பக்கத்து நாற்காலி எனக்கு. வேறு யாரும் உட்காரக் கூடாது.

பாலு மாமா: 🙏

கார்த்திக்: மூன்றையும் போட்டால் இலை ஆறிவிடும். புரொஜெக்டருக்கு நாளைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். யார் அனுப்புகிறீர்கள்?

கார்த்திக்: யாராவது?

கீதா அண்ணி: பருப்புப் பாயசம் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன்.

வசந்தி அத்தை: நான் சேமியா என்று சொல்லிவிட்டேனே.

சேகர் சித்தப்பா: பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாம் எல்லோரும் டேனி லோபஸை மறந்தே போய்விட்டோம். 1980 பிப்ரவரி 2, ஃபீனிக்ஸ். பட்டம் வாங்கிய சண்டையே அதுதான். விவரமாக எழுதுகிறேன், பொறுங்கள்.