கொரொமோ: தெம்புரா இறாலின் மேலுறைக்கு ஒரு தமிழ்ச் சொல்

முதல் மடல்

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

டோக்கியோவின் நிஷிகசாய்ப் பகுதியில் வாழும் நான், ஜப்பானியர் வீடுகளில் இறாலையும் சோற்றையும் சேர்த்துச் சமைக்கும் முறைகளைப் பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன். மாவுக் கலவையில் தோய்த்து எண்ணெயில் பொரித்த இறால் தெம்புராவைச் சுடுசோற்றின்மேல் அடுக்கி இனிப்பும் உவர்ப்பும் கலந்த சாற்றை ஊற்றித் தரும் தெந்தொன், பாங்கோ என்னும் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் எபி ஃபுராய், வினிகர் கலந்த சோற்றின்மேல் இறாலையும் பிறவற்றையும் பரப்பும் சிராஷி ஆகியவற்றை ஓரளவு எழுதி முடித்துவிட்டேன்.

சோற்றைப் பற்றி எழுதியபோது எனக்குச் சொல்லுக்குப் பஞ்சம் வரவில்லை. கஞ்சியை வடிக்கும் முறைக்கும் நீரை வற்றவைக்கும் முறைக்கும் ஜப்பானியர் யுதொரி, தகிஹொஷி என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் வடித்தலும் வற்றவைத்தலும் இருக்கின்றன. அடுப்பை அணைத்தபின் 10 முதல் 15 நிமிடம் வரை மூடியைத் திறக்காமல் விட்டுவைப்பதை அவர்கள் முரசு என்கிறார்கள். 'புழுங்கவிடுதல்' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன்.

என்னை நிறுத்திவைத்த சொல் கொரொமோ. இதன் முதற்பொருள் உடை. குறிப்பாகப் புத்தத் துறவியரின் மேலங்கி. ஜூன் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும் பருவத்திற்கேற்ப உடையை மாற்றும் வழக்கத்தைக் கொரொமோகயே என்பார்கள். அடுக்களைக்குள் வந்தால் இதே சொல், கோதுமை மாவும் முட்டையும் குளிர்ந்த நீரும் கலந்த கலவையையும், அக்கலவை எண்ணெயில் வெந்து இறாலைச் சுற்றி நிற்கும் மொறுமொறுப்பான மேலுறையையும் குறிக்கிறது.

நான் முதற்படியில் இதைப் 'பஜ்ஜி மாவு' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துச் சென்னையில் என் தங்கை செய்து பார்த்தாள். அவளுக்குக் கிடைத்ததோ தடித்து, மென்றால் சவ்வுபோல் இழுபடும் உறை. தவறு அவளுடையது அன்று, என் சொல்லுடையது. பஜ்ஜி மாவு என்றால் நம் கை தானாகவே கட்டியில்லாமல் அடித்துக் கரைக்கத் தொடங்கிவிடும். கடலை மாவில் பசையம் (குளூட்டன்) இல்லாமையால் எவ்வளவு அடித்தாலும் கெடுதி இல்லை. கோதுமை மாவிலோ நீரும் அசைவும் சேரச்சேரப் பசையம் வலுப்பெற்று இழைபின்னும். அந்தப் பின்னல் நீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால் உறை மொறுமொறுப்பாவதில்லை. இதனால்தான் தெம்புராவுக்குப் புரதம் ஏறத்தாழ 8 விழுக்காடே உள்ள ஹகுரிகிகோ என்னும் மாவைத் தேர்ந்து, பனிக்கட்டியிட்ட நீரை ஊற்றி, குச்சிகளால் நாலைந்து முறை குத்திக் கலந்து, மாவுக்கட்டிகள் தெரியும்போதே கையை எடுத்துவிடுகிறார்கள். நம் ஊர் மைதாவில் புரதம் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே அங்குச் செய்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் தேவைப்படுகிறது.

படிப்பவரின் கையைத் தவறான வழியில் செலுத்தாத சொல் ஒன்று எனக்கு வேண்டும். அறிந்தோர் உதவ வேண்டுகிறேன்.

மறுமடல்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தங்கள் மடலை இருமுறை படித்தேன். சொல் தேடுவதற்கு முன்பு செயலை இவ்வளவு தெளிவாக விளக்குபவர்கள் நம் குழுமத்தில் அரியர். அந்த விளக்கமே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழிப்போம். 'உறை' என்ற சொல் பொருந்துவதுபோல் தோன்றினாலும் அது தலையணைக்கும் கடிதத்திற்கும் வாளுக்கும் உரியது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தனியே வைக்கக்கூடியது. சமையலில் உறைதல் என்றாலே தயிர்தான் முன்வந்து நிற்கும். 'பூச்சு' சுவருக்கும் மருந்துக்கும் போய்விட்டது; மேலும் இறாலைக் கலவையில் தோய்க்கிறோமே தவிர அதன்மேல் எதையும் பூசுவதில்லை.

ஜப்பானியர் உடை என்று கண்டதை நாமும் முன்பே கண்டிருக்கிறோம். காய்ச்சிய பாலின்மேல் படர்வதை நம் வீடுகளில் பாலாடை என்றே வழங்குகிறோம். அதை அடியொற்றி 'மாவாடை' என்று ஆக்கலாம் என்பது என் முன்மொழிவு. மாவு என்பதன் ஈற்றுகரம் முற்றியலுகரமாயிற்றே, அது கெடலாமா என்று இலக்கணம் அறிந்தோர் கேட்கக்கூடும். முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று இலக்கணமே இடம் தருகிறது. அதுவும் வேண்டாமெனில், ஈழத்தார் அரிசி மா, கோதுமை மா என்று இன்றும் வழங்குகிறார்களே, அந்த மா என்னும் பழஞ்சொல்லோடு ஆடை சேர்ந்தால் வகர உடம்படுமெய் தோன்றி மாவாடை என்றே வரும்.

கலக்கும் முறைக்குத் தனிக் கலைச்சொல் ஆக்கத் தேவையில்லை என்று கருதுகிறேன். 'பட்டும்படாமலும் கலக்கவும்' என்று எழுதிப் பாருங்கள். பேச்சில் மனிதர்களின் பழக்கத்தைச் சொல்லப் பயன்படும் தொடர்தான். ஆனால் நீரும் மாவும் ஒன்றையொன்று அரைகுறையாக அறிமுகம் செய்துகொண்டால் போதும் என்ற நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் தொடர் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மடல்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் சொல்லாராய்ச்சி செய்பவள் அல்லள். திருநெல்வேலிப் பக்கம் நாற்பது ஆண்டுகளாக அடுப்படியில் நின்றவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சுசியத்திற்குப் பூரணத்தை உருட்டி ஒரு மாவில் முக்கிப் போடுகிறோமே, அதை எங்கள் வீடுகளில் 'மேல்மாவு' என்றே சொல்வோம். கொழுக்கட்டைக்கும் சோமாசிக்கும் வெளியே இருப்பது மேல்மாவுதான். மக்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஆக்குவது ஏன் என்பதைப் பெரியவர்கள் விளக்க வேண்டும்.

நான்காம் மடல்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் திருநெல்வேலி அம்மாவுக்கும் நன்றி கலந்த வணக்கம்.

இரண்டு சொற்களையும் கையேட்டில் இட்டு, ஒரு வாரம் அவற்றை வைத்தே சமைத்தும் எழுதியும் பார்த்தேன். கண்டதை முழுமையாகச் சொல்கிறேன்.

மேல்மாவு என்ற சொல்லைக் கண்டதும், இது எனக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும் என்று வருந்தினேன். கிண்ணத்தில் இருக்கும் கலவைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அது மாவின் இடத்தை மட்டும் சொல்கிறது. அடி என்றோ கரை என்றோ கைக்குக் கட்டளை எதுவும் இடுவதில்லை. ஆகவே 'மேல்மாவைப் பட்டும்படாமலும் கலக்கவும்' என்று இருவர் தந்ததையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துக்கொண்டேன். தங்கை அந்த வாக்கியத்தை மட்டும் படித்து மறுபடி செய்தாள். இம்முறை கட்டிகளைக் கண்டு அஞ்சவில்லை.

ஆனால் பொரிந்தபின் அதே சொல் தடுமாறுகிறது. 'மேல்மாவு தடித்துவிட்டால்' என்று எழுதினால், கிண்ணத்தில் தடித்ததா, இறாலின்மேல் தடித்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது. கிண்ணத்தில் தடித்தால் குளிர்நீர் சேர்க்க வேண்டும்; இறாலின்மேல் தடித்தால் அடுத்த இறாலைத் தோய்த்துத் தூக்கியபின் சற்றுக் கூடுதலாக வடியவிட வேண்டும். எபி ஃபுராயில் இடர் இன்னும் பெரிது. அங்கே மாவு தூவி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டுகிறார்கள். வெளியே நிற்பது மாவே அன்று. ஆயினும் ஜப்பானியர் அதையும் கொரொமோ என்கிறார்கள். ஆகவே பொரிந்த உறைக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த இடத்திற்கு ஐயா தந்த மாவாடையை மிக விருப்பத்தோடு எழுதினேன். பாலாடையின் அருகில் வைக்கும்போது அதன் அழகு கூடுகிறது. பின்பு நாகப்பட்டினத்தில் இருக்கும் என் மாமியாருக்குத் தொலைபேசியில் அப்பகுதியைப் படித்துக்காட்டினேன். 'மாவாடை பொன்னிறமாகும்வரை' என்ற இடத்தில் அத்தை நிறுத்தி, மாவு வாடை எப்படிப் பொன்னிறமாகும் என்று கேட்டார்கள். அப்போதுதான் உணர்ந்தேன்: காதால் கேட்கும்போது இது மா வாடையாகப் பிரிந்துவிடுகிறது. பச்சை வாடை போகும்வரை வதக்கு, மாவு வாடை போகும்வரை வறு என்று ஒவ்வொரு நாளும் சொல்லும் மொழியில், சமையல் நூலுக்கு இந்த மயக்கம் பெரிய இடையூறு. 'மாவாடை நீங்காமல் எடுக்கவும்' என்று நான் எழுதியிருந்த இன்னொரு வாக்கியம் நேர்மாறான பொருளைத் தருவதைக் கண்டு, அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதினேன்.

ஐயாவின் முறையையே பின்பற்றி, ஆடையை வைத்துக்கொண்டு முன்சொல்லை மட்டும் மாற்றினால் 'பொரியாடை' கிடைக்கிறது. பொரி என்பது இங்கு வினையடி. எனவே வினைத்தொகையாகப் பொரித்த ஆடை, பொரிக்கின்ற ஆடை, பொரிக்கும் ஆடை என மூன்று காலத்திற்கும் ஈடுகொடுக்கும். மாவு என்ற சொல் உள்ளே இல்லாததால் ரொட்டித்தூள் உறைக்கும் தயக்கமின்றிப் பயன்படும். பொரி என்றவுடன் சிலருக்கு நெற்பொரி நினைவுக்கு வரலாம். இறாலும் எண்ணெயும் உள்ள வாக்கியத்தில் அந்த நினைவு நீடிக்காது என்று நம்புகிறேன். அத்தையிடம் மறுநாள் இச்சொல்லைச் சொன்னபோது எந்த விளக்கமும் கேட்காமல், பொரியாடை கழன்றுபோகாமல் இருக்க என்ன செய்வது என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எனக்கு அதுவே போதுமான சான்றாகத் தோன்றியது.

எண்ணெயில் இறால் இருக்கும்போதே விரலால் மேல்மாவைச் சொட்டுச்சொட்டாக அதன்மேல் தெளித்து, சிறு சிறு மொட்டுகள் ஒட்டிப் பொரியச் செய்வதை இங்குப் பூ மலரச் செய்தல் என்றே சொல்கிறார்கள். இட்லியும் சோறும் பூப்போல மலர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'பூ மலர்த்துதல்' என்று அப்படியே வைத்துக்கொண்டேன். தெம்புரா என்ற பெயரைத் தமிழாக்க வேண்டுமா என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டிருந்தார். 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியரிடமிருந்து ஜப்பானியரே எடுத்துக்கொண்ட சொல் அது என்பதே பெரும்பாலோர் கருத்து. நாமும் அப்படியே எடுத்துக்கொள்வோம்.

இறாலின் முதுகில் ஓடும் கரிய இழையை நாம் நரம்பு என்கிறோம். அது உண்மையில் குடல். ஜப்பானியர் அதை முதுகுக்குடல் என்ற பொருளில் செவத என்று சரியாகவே பெயரிட்டிருக்கிறார்கள். பழகிய சொல்லை விலக்க மனமில்லாமல், முதல் முறை மட்டும் 'நரம்பு எனப்படும் குடல்' என்று எழுதி, பிறகு குடல் என்றே தொடர்ந்திருக்கிறேன். இதில் மாற்றுக் கருத்து உள்ளோர் சொன்னால் திருத்திக்கொள்வேன்.

தெந்தொன் பகுதி இப்போது இவ்வாறு அமைந்திருக்கிறது:

"இருவருக்கு 300 கிராம் ஜப்பானியக் குட்டை அரிசியைக் களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை வற்றவைத்து வேகவிட்டு, மூடியைத் திறக்காமல் புழுங்கவிடவும். இறாலின் வாலை மட்டும் விட்டுவிட்டு ஓட்டை உரித்துக் குடலை நீக்கவும். வால்நுனியைச் சிறிது வெட்டி, கத்தியால் வழித்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றவும்; முதல் முறை இதை நான் செய்யாமல் விட்டதால் எண்ணெய் தெறித்து மணிக்கட்டு சுட்டது. வயிற்றுப்புறத்தில் நாலைந்து இடங்களில் மேலாகக் கீறி, குப்புற வைத்து விரலால் அழுத்தினால் தசை மெல்ல விட்டுக்கொடுத்து இறால் நீளும், பொரிக்கும்போது சுருளாது. ஈரத்தை ஒற்றியெடுத்து உலர்மாவை மெல்லத் தூவவும். ஈரம் எஞ்சினால் அது ஆவியாகி இறாலுக்கும் பொரியாடைக்கும் இடையே புகுந்து பிரித்துவிடும்.

ஒரு முட்டையோடு பனிநீர் சேர்த்து 200 மில்லிலிட்டராக்கி, 120 கிராம் மாவை இட்டு, மேல்மாவைப் பட்டும்படாமலும் கலக்கவும். ஒரு சொட்டை எண்ணெயில் விட்டால் அது பாதி ஆழம் இறங்கி உடனே மேலெழ வேண்டும். அடிவரை போனால் சூடு போதாது, இறங்காமல் மேலேயே சிதறினால் சூடு மிகுதி. இறாலைத் தோய்த்து இட்டதும் பூ மலர்த்தவும். குமிழிகள் சிறுத்து ஓசை மெலிந்ததும் எடுக்கவும். சோயா, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, தஷி என்னும் கடற்பாசி-உலர்மீன் சாறு ஆகியவற்றோடு சிறிது சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய சாற்றில் இறாலை ஒருமுறை தோய்த்துச் சோற்றின்மேல் வைத்து, மீதிச் சாற்றில் இரண்டு கரண்டி அளவு சோற்றுக்கு ஊற்றவும். பொரியாடையின் கீழ்ப்பகுதி சாற்றை உறிஞ்சி இளகியும், மேற்பகுதி மொறுமொறுப்பாகவும் இருக்கும்போதே உண்ண வேண்டும், மூடிவைக்கலாகாது."