முழங்கை இம்ப்ளான்ட் மாடலில் பக்கவாட்டு ஆட்டத்தை எப்படிக் கொடுப்பது?

வணக்கம், ஆர்த்தோ அல்லது பயோமெக்கானிக்ஸ் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக கூன்ராட்-மோரே வகை முழங்கை இம்ப்ளான்ட்டை (செயற்கை மூட்டு) கம்ப்யூட்டரில் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். கதவுக் கீல் மாதிரி இறுக்கமாக இருந்த பழைய இம்ப்ளான்ட்டுகளில் முறுக்குவிசை எல்லாம் எலும்பும் இம்ப்ளான்ட்டை ஒட்டும் சிமென்ட்டும் சேரும் இடத்தில் போய் விழுந்து, எலும்புக்குள் செருகும் தண்டு சீக்கிரமே தளர்ந்துவிட்டது, அதனால்தான் இதில் பக்கவாட்டில் சுமார் 7 டிகிரி ஆட்டம் விட்டிருக்கிறார்கள், அந்த எல்லைக்குள் தசைகளும் சுமையில் பங்கெடுக்கும். இதுவரை சரி.

சிக்கல் என்னவென்றால், அந்த ஆட்டத்தை பாலிஎத்திலீன் புஷ்ஷில் (கீல் அச்சைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை) இடைவெளியாக வைத்தால் விளிம்பில் அழுத்தம் கன்னாபின்னாவென்று எகிறுகிறது. நிஜத்திலும் புஷ் தேயத்தான் செய்கிறது, ஆனாலும் இவ்வளவா?

அப்புறம் தசை விசை. முழங்கையை 90 டிகிரி மடக்கி கையில் 1 கிலோ பிடித்தால், எடை மூட்டிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது, பைசெப்ஸ் இழுப்பதோ 4-5 செ.மீ. தூரத்தில், ஆக ஆறேழு மடங்கு இழுத்தாக வேண்டும். பைசெப்ஸ் மட்டும் போதுமா, பிரேக்கியாலிஸ், ட்ரைசெப்ஸ் தசைகளையும் சேர்க்கணுமா? இம்ப்ளான்ட்டின் மேல்கைப் பகுதியில் உள்ள முன்பக்கத் தகட்டுக்கு அடியில் வைக்கும் எலும்புத் துண்டு ஏற்கெனவே ஒட்டிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.