மகளுக்கு எச்பிவி ஊசி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

இரண்டு பெண்களின் அம்மா, மதுரை

பெரியவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. காய்ச்சல் என்று குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனால், மருந்து எழுதிக்கொண்டே "எச்பிவி போட்டாச்சா?" என்றார். நான் மஞ்சள் காமாலை ஊசியைக் கேட்கிறார் என்று நினைத்து, "அதெல்லாம் பிறந்தப்பவே போட்டாச்சு டாக்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி, பதினைந்து வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு, தாண்டிவிட்டால் மூன்று என்றார்.

வீட்டில் சொன்னதும் அத்தை, "இப்பத்தான் வயசுக்கே வந்திருக்கா, அதுக்குள்ள கர்ப்பப்பைக்கு எதுக்கும்மா ஊசி?" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூர அதே கேள்விதான். அந்தப் புற்றுநோயை உண்டாக்குகிற எச்பிவி என்கிற வைரஸ் பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவுவது, உடம்புக்குள் வந்த பிறகு ஊசி அதை விரட்டாது, அதனால்தான் சின்ன வயதிலேயே போடுகிறார்கள். இதை மாமியாரிடம் எந்த வாயால் சொல்வது? "வந்தப்புறம் போட்டு என்ன அத்தை பிரயோசனம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் பள்ளி அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. ஒருத்தர் இதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்று யாரோ பேசிய ஆடியோவை அனுப்பினார். அதுவரை குழுவில் காலை வணக்கம் மட்டுமே போடுகிற ஒருத்தர் தனியாக எழுதினார்: அவருடைய அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயதில் மாதக்கணக்கில் உதிரப்போக்கு, "நிக்கிற வயசுல இப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டார்களாம், அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நோய் முற்றியிருந்தது. அதைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஊசி போட்டதும் மயக்கம் வருகிறதா என்று கால் மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுநாள் கை வலியில் அவளால் தலை பின்ன முடியவில்லை, முணுமுணுத்துக்கொண்டே அத்தைதான் பின்னிவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அக்கா, எங்களுக்கு இவ்வளவு யோசிக்க இடமே இருக்கவில்லை. இங்கே 2017இலிருந்து தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். கடிதம் வந்தது, வடிவாக வாசிக்காமலே சரி என்று விட்டேன். பிறகு மகள் வந்து, "அம்மா, இது என்னத்துக்குப் போடுறது?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியாது என்று விளங்கியது. கடிதத்தைத் தேடி எடுத்து இரண்டு பேருமாக இருந்து வாசித்தோம்.

கிராம சுகாதாரச் செவிலியர்

14 வயதுப் பெண்களுக்கு அரசே இலவசமாகப் போடும் என்று 2025 தமிழக பட்ஜெட்டில் சொன்னதிலிருந்து என்னிடமும் நிறையக் கேட்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் "பிள்ளை பிறக்குமா சிஸ்டர்?" கருத்தரிப்பதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை என்று சளைக்காமல் சொல்கிறேன். ஒரு அம்மா, ஆந்திராவில் (இப்போது தெலங்கானா) கம்மத்தில் இந்த ஊசி போட்ட பிள்ளைகள் செத்துப்போனதாமே என்று கேட்டார். அது பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்து, 2010இல் நிறுத்தப்பட்ட திட்டம். அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமில்லை என்றுதான் விசாரணையில் வந்தது, ஆனால் பெற்றவர்களைக் கேட்காமல் பல இடங்களில் விடுதி வார்டனே கையெழுத்துப் போட்டதும் அதே விசாரணையில்தான் வெளியே வந்தது. அதனால் தயங்குகிற அம்மாக்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, எத்தனை முறை கேட்டாலும் உட்கார்ந்து பேசுகிறேன்.

கோபம் வருவது வேறொன்றுக்கு. முப்பது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இருக்கிறது, ஊசி போட்ட பெண்களும் பிற்பாடு அதைச் செய்துகொள்ளத்தான் வேண்டும். போன வாரம் மகளுக்காக அரை மணி நேரம் விசாரித்த ஒருத்தரிடம், "நீங்க எப்பம்மா பண்ணிக்கிட்டீங்க?" என்றேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே எழுந்துவிட்டார். "எனக்கென்ன சிஸ்டர், நல்லாத்தானே இருக்கேன். பொண்ணுக்கு என்னைக்குக் கூட்டிட்டு வரட்டும், அதைச் சொல்லுங்க."