முதல் சுருட்டிலேயே தலை சுற்றியது: மென்மையான சுருட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மொட்டைமாடி (சென்னை):

வணக்கம். எனக்கு வயது 52. ஒரு காலத்தில் சிகரெட் பிடித்தவன். 11 ஆண்டுகளுக்கு முன் அதை விட்டுவிட்டேன். சென்ற மாதம் துபாயிலிருந்து வந்த அத்தை மகன், ஆண்டுக்கு ஓரிரு முறை நிதானமாகப் புகைக்க ஏற்றவை என்று சொல்லி, நிகரகுவாவில் செய்யப்பட்ட இரண்டு சுருட்டுகளைப் பரிசாகத் தந்தான். வெளியே சுற்றியிருக்கும் மேலிலை நல்ல வெளிர்பழுப்பு நிறம். வெளிர் நிறமென்றால் மென்மையானது, புதியவர்களுக்கு உகந்தது என்று கடைக்காரர் உறுதி சொன்னாராம்.

ஒரு மாலையில் மாடியில் அமர்ந்து முதலாவதைப் பற்றவைத்தேன். தொடக்கத்தில் வறுத்த முந்திரி போன்ற மணம் இருந்தது. பாதியைத் தாண்டுவதற்குள் நாக்கில் கசப்பு ஏறியது. சற்று நேரத்தில் உடம்பு குளிர்ந்து வியர்த்து, தலை சுற்றி, வாந்தி வரும் நிலைக்குப் போய், அரை மணி நேரம் தரையிலேயே படுத்திருந்தேன்.

இரண்டாவது சுருட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், பட்டைக் காகிதத்தை ஒட்டி மேலிலையில் கீறல் விழுந்திருக்கிறது. கடைக்காரர் சொன்னது தவறா, அல்லது நான் புகைத்த முறை தவறா? உண்மையிலேயே மென்மையான சுருட்டை எதை வைத்து அடையாளம் காண்பது? கீறல் விழுந்ததைக் காப்பாற்ற வழி உண்டா?

கோப்பிக்கடை (சிங்கப்பூர்):

ஐயா, விடை சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. சுருட்டின் நீளமும் தடிமனும் என்ன? எவ்வளவு நேரத்தில் புகைத்தீர்கள்? அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? பழைய சிகரெட் பழக்கத்தில் புகையை நெஞ்சுக்குள் இழுத்தீர்களா?

மொட்டைமாடி:

பெட்டியில் 6 x 60 என்று அச்சிட்டிருந்ததாக அத்தை மகன் சொல்கிறான். மூன்றில் இரண்டு பங்கை ஏறத்தாழ 35 நிமிடத்தில் முடித்திருப்பேன். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. பற்றவைத்தபோது மாலை ஆறரை இருக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, புகையைப் பலமுறை உள்ளே இழுத்துவிட்டேன். கை தானாக அப்படிப் பழகியிருக்கிறது.

கோப்பிக்கடை:

அப்படியானால் காரணம் ஒன்றல்ல, நான்கு. அவற்றில் மூன்று உங்கள் கையில் இருந்தவை.

முதலில் அளவைப் பார்ப்போம். 6 என்பது அங்குலத்தில் நீளம். 60 என்பது ஓர் அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்துச் சொல்லும் விட்டம். அதாவது உங்கள் சுருட்டின் விட்டம் ஏறக்குறைய ஓர் அங்குலம். இவ்வளவு தடித்த சுருட்டு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் நின்று எரிய வேண்டும். அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இழுத்தால் தணல் சூடேறும். சூடேறினால் எந்த உயர்ந்த இலையும் கசக்கும். நீங்கள் கண்ட கசப்பு இலையின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை, வாயளவில் மட்டும் இழுத்துவிடுவதே சுருட்டின் வேகம்.

அடுத்தது உள்ளிழுத்தல். சுருட்டுப் புகை பெரும்பாலும் காரத்தன்மை உடையது என்பதால், அதிலுள்ள நிக்கோட்டினை வாயின் உட்தோலே உறிஞ்சிக்கொள்கிறது. சிகரெட் புகைக்கு அவ்வளவு காரத்தன்மை இல்லாததால்தான் அதை நுரையீரல் வரை கொண்டுபோகிறார்கள். நீங்கள் வாய் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் ஒருசேர வாங்கியிருக்கிறீர்கள், அதுவும் ஐந்தரை மணி நேரம் வெறும் வயிற்றோடு. சிகரெட்டை விட்டவர்கள் சுருட்டுக்கு வரும்போது இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. அந்நிலை மறுபடி வந்தால் உடனே கீழே வைத்துவிட்டு, இனிப்பாக ஏதேனும் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துக் காற்றாட உட்காருங்கள்.

நான்காவது காரணத்தில்தான் கடைக்காரர் வருகிறார். அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இலைக்கணக்கு (கோயம்புத்தூர்):

நிறம் மென்மைக்கு அடையாளமல்ல. சுருட்டைப் பற்றிய தவறான எண்ணங்களில் மிகப் பரவலானது இதுதான் என்பேன்.

சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு: உள்ளே நிரப்பும் இலைகள், அவற்றைக் கட்டிப்பிடிக்கும் கட்டிலை, கண்ணுக்குத் தெரியும் மேலிலை. நாம் பார்த்து மயங்குவது மேலிலையை மட்டுமே. நிக்கோட்டினின் பெரும்பகுதி உள்ளிலையில் இருக்கிறது. வெளிர்பழுப்பு மேலிலையில் பெயர் பெற்றது அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிப்பந்தலின் நிழலில் வளர்க்கப்படும் இலை. அதே வித்து இன்று ஈக்வடாரில் பெருமளவு பயிராகிறது. அங்கே வானத்தை மூடியிருக்கும் மேகமே பந்தலாகிவிடுகிறது. நிழலில் வளர்வதால் இலை மெல்லியதாகவும் வழவழப்பாகவும் அமைகிறது. ஆனால் அந்தப் பட்டுத்துணிக்குள் எதைச் சுற்றினார்கள் என்பதை அது சொல்லாது.

ஒரே செடியிலேயே இலைக்கு இலை வலு மாறும். அடியில் இருப்பது வொலாதோ. வலு குறைவு, நன்றாக எரியும். நடுவில் இருப்பது செக்கோ; மணம் இதில்தான் தங்கும். உச்சியில் நாளெல்லாம் வெயில் குடித்துத் தடித்திருப்பது லிகேரோ. வலு முழுவதும் அங்கே இருக்கிறது. நிகரகுவாவின் எஸ்தெலிப் பகுதியில் எரிமலை மண்ணில் விளையும் லிகேரோவை உள்ளே வைத்து, வெளிர் மேலிலையால் மூடிய சுருட்டுகள் சந்தையில் நிறைய உள்ளன. உங்களுடையது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, மதூரோ எனப்படும் கருநிற மேலிலை நீண்ட காலம் புளிக்கவைக்கப்படுவதால் கறுப்பாகத் தெரிகிறதே தவிர, பல சமயம் இனிப்பாகவே இருக்கும்.

ஆகவே கடையில் "மென்மையானது உண்டா" என்று மட்டும் கேட்காதீர்கள். உள்ளிலை எந்த நாட்டுடையது, லிகேரோ சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். டொமினிக்கன் குடியரசின் உள்ளிலையும் கனெக்டிகட் மேலிலையும் சேர்ந்த கலவை புதியவருக்குப் பெரும்பாலும் பாதுகாப்பான தொடக்கம். மக்கனூடோ கஃபே, ஆஷ்டன் கிளாசிக் ஆகிய இரண்டையும் தயங்காமல் சொல்வேன். டேவிடாஃப் சிக்னேச்சர் வரிசை இவற்றைவிட நயமானது. ஆனால் அந்த விலையை முதல் பாடத்துக்குக் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. கியூபச் சுருட்டுகளில் ஒய்யோ தெ மொந்தெரே மென்மைப் பக்கம் சாய்ந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: 1960இல் கியூபா சுருட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கிய பின் பல பெயர்கள் இரண்டாகப் பிரிந்தன. அதே ஒய்யோ தெ மொந்தெரே என்ற பெயரில் ஹொண்டுராஸில் செய்யப்படுவது வேறு கலவை, வலுவும் கூடுதல். பெயரைப் பார்த்தால் போதாது, நாட்டையும் பார்க்க வேண்டும்.

அளவில் 'பெத்தி கொரோனா' எனப்படும் சிறிய வகை போதும். 5 அங்குலம், 42 விட்டம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கொட்டில்பேரன் (ரொறன்ரோ):

வணக்கம். எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். மேலே சொல்லப்பட்ட ஸ்பானியப் பெயர்கள் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் உச்சி இலையைத் தனியாகப் பிரித்து வைத்து, "இது வெயில் குடித்த இலை, அளவாகப் போட வேண்டும்" என்று சுற்றுகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். இங்கு வந்து லிகேரோ என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு அவருடைய குரல்தான் நினைவுக்கு வந்தது.

தெரிவு செய்யும்போது கண்ணைவிட விரலை நம்புங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து, அடியிலிருந்து தலைவரை மெதுவாக அமர்த்திப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி அமுங்கி மீண்டால் நல்லது. ஓரிடம் கல்லாக இருந்தால் காற்று வராது. ஓரிடம் பொள்ளலாக இருந்தால் அங்கே வேகமாக எரிந்து சுடும். சருகுச் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கண்ணாடித் தாள் சுற்றியிருந்தால் அதன் மேலாகவே பார்க்கலாம்.

இன்னொன்று. விலை மலிவு, கிட்டவே கிடைக்கிறது என்பதற்காக எங்கள் யாழ்ப்பாணச் சுருட்டையோ, உங்கள் திண்டுக்கல், உறையூர்ச் சுருட்டையோ தொடக்கத்துக்கு எடுத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் செரூட் என்ற சொல்லே தமிழ்ச் சுருட்டிலிருந்து போனது என்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் மென்மை என்பது அந்தப் பெருமையில் சேராது.

வேப்பம்பூ (மதுரை):

நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இந்த உரையாடலின் நோக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை. எனினும் மென்மை என்ற சொல் இங்கே இரண்டு பொருளில் கலந்து வருகிறது. நீங்கள் பேசுவது நிக்கோட்டினின் வலுவையும் நாக்குக்குத் தெரியும் சுவையையும் பற்றி. மென்மையான சுருட்டிலும் எரிவது புகையிலைதான். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் அதன் புகையிலும் இருக்கின்றன. உள்ளிழுக்காவிட்டால் நுரையீரலுக்குச் செல்வது குறையலாம். வாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. ஐயா, 11 ஆண்டுகளுக்கு முன் விட்டவருடைய உடல் நிக்கோட்டினை மறந்திருக்கலாம், மூளை மறந்திருக்காது. அடுத்த வாரமே இன்னொன்று வேண்டும் என்று தோன்றினால், அதைச் சுவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மொட்டைமாடி:

அம்மா, நீங்கள் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். என் மனைவியும் இதையேதான், சற்று உரத்த குரலில் சொன்னார்.

கோப்பிக்கடை:

கீறல் விழுந்த சுருட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டி ஈரத்தை உறிஞ்சிவிடும். போதாக்குறைக்குப் பெருங்காயமும் கருவாடும் அதில் ஏறும். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும், ஏறத்தாழ 18 முதல் 21 பாகை வெப்பமும். காற்றுப் புகாத பெட்டியில் போவேடா எனப்படும் ஈரப்பதப் பொட்டலம் ஒன்றை, 65 அல்லது 69 என்று எண் போட்டதை, உள்ளே வைத்து ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்துணியில் சுற்றினால் உள்ளிலை உப்பி, கீறல் இன்னும் நீளும். விழுந்த கீறல் மறுபடி ஒட்டாது. மேற்கொண்டு கிழியாமல் நிற்கும், அவ்வளவுதான்.

சென்னைக்கு வேறொரு சிக்கல் உண்டு. வெப்பம் 24 பாகையைத் தாண்டிப் பல நாள் நின்றால், இலைக்குள் இருக்கக்கூடிய புகையிலை வண்டின் முட்டைகள் பொரியத் தொடங்கும். ஊசித்துளை போன்ற ஓட்டை தெரிந்தால் அதுதான். வீட்டின் குளிர்ந்த அறையில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். அதைவிட எளிய வழி, புகைக்கும்போது மட்டும் ஒன்று வாங்குவது.

இலைக்கணக்கு:

வாங்கும் இடத்தைப் பற்றியும் இரண்டு வரி. இந்தியாவில் முறையாக விற்கப்படும் பெட்டியில் படத்துடன் கூடிய எச்சரிக்கை இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் சரக்கு வேறு வழியில் வந்தது, எப்படிச் சேமிக்கப்பட்டது என்பதற்கும் பொறுப்பில்லை. கியூபச் சுருட்டு என்று சொல்லிக் கண்ணாடி மூடி போட்ட பெட்டியை யாராவது நீட்டினால், அது போலி என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அத்தை மகனிடமும் சொல்லி வையுங்கள்.

மொட்டைமாடி (ஏழு வாரங்களுக்குப் பின்):

எல்லோருக்கும் நன்றி. சென்ற ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, டொமினிக்கன் உள்ளிலை கொண்ட சிறிய சுருட்டு ஒன்றைப் புகைத்தேன். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு முறை என்று கணக்கிட்டேன். முதல் பத்து நிமிடம் அது பெரும் தண்டனையாக இருந்தது, பிறகு மறந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஒரு முறைதான் இழுத்தேன், அதுவும் இருமலில் முடிந்தது. தலைசுற்றல் இல்லை. முந்திரியும் பாலேட்டின் மணமும் கிடைத்தன. முன்னதைவிடச் சுவை சற்று மெலிந்ததாகத் தோன்றியது உண்மை. கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் கசப்பு வந்தது. அது இயல்பா?

கோப்பிக்கடை:

இயல்புதான். தாரும் ஈரமும் அங்கே வந்து சேரும். நசுக்காமல் சாம்பல் கிண்ணத்தில் கிடத்திவிடுங்கள், தானே அணையும். நசுக்கினால் வீடு முழுவதும் நாறும். அந்தக் கீறல் விழுந்தது என்ன ஆயிற்று?

மொட்டைமாடி:

ஈரப்பதம் ஏறி நன்றாகவே இருக்கிறது. பொங்கலுக்கு அத்தை மகன் வரும்போது அவனிடமே கொடுத்துவிடப் போகிறேன், வெறும் வயிற்றில் பற்றவைக்க விடாமல்.